குரல் நின்றால் கை நிற்கும்

உச்சிக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனிச் சொல்லப்போவதெல்லாம் அவர் பயந்த கதைதான்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். அந்தக் கட்டட வேலையில் எல்லாருக்கும் அவரை உச்சி என்றுதான் தெரியும். சம்பளம் போடுகிற ஆபீசில் கூடச் சொந்தப் பெயரைச் சொன்னால் யாரோ புது ஆள் என்று நினைப்பார்கள். காலையில் ஏணி பிடித்து மேலே போனார் என்றால் சாயங்காலம்தான் இறங்குவார். கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, கொக்கியில் தொங்குவது எத்தனை டன் என்று காட்டுகிற ஒரு சின்னத் திரை, ஒரு வாக்கி-டாக்கி, ஒரு ஃப்ளாஸ்க். அங்கே உட்கார்ந்தால் கீழே இருக்கிற மனிதர்கள் வெறும் ஹெல்மெட்டுகளாகத் தெரிவார்கள். மேஸ்திரியும் ஒரு ஹெல்மெட், முதலாளியும் ஒரு ஹெல்மெட். இப்படி உலகத்தை மேலே இருந்து பார்த்துப் பழகியவருக்குப் பயம் எதற்கு வரப்போகிறது?

வந்தது. கெட்டித் தரையில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு எடை மெஷினிலிருந்து வந்தது.

கம்பெனியில் புது விதி போட்டார்கள். மேலே வேலை செய்கிறவர் மயங்கி விழுந்தால் கயிறு கட்டிக் கீழே இறக்க வேண்டும், அந்தக் கயிறும் பெல்ட்டும் நூறு கிலோவுக்குத்தான் தாங்கும், அதற்கு மேல் இருக்கிறவர்கள் ஏறக் கூடாது. மெடிக்கல் ரூமில் உச்சி மெஷின் மேல் நின்றார். நூற்றுப் பதினான்கு. ஷூவைக் கழற்றிவிட்டு நின்றார். பெல்ட்டைக் கழற்றினார். பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சட்டையையும் கழட்டலாம்னு இருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லம்மா... சாவி கொஞ்சம் கனம்."

"சாவி பதினாலு கிலோ இருக்காது. மூணு மாசம் டைம் தர்றேன். சாப்பாட்டைக் குறைங்க, தினமும் உடம்பு வேர்க்கிற மாதிரி ஏதாவது செய்ங்க, ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குங்க. மூணையும் சேர்த்துத்தான் சொல்றேன். ரெண்டை எடுத்துக்கிட்டு ஒண்ணை விட்டுடாதீங்க."

உச்சி தலையாட்டினார். தலையாட்டும்போதே மூன்றில் ஒன்றை விட்டும்விட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நம்மில் யாரைக் கேட்டாலும் தூங்குகிறவனுக்குத் தொப்பைதான் வரும் என்போம். சாப்பாட்டைக் குறை என்றால் புரிகிறது. ஓடு என்றால் அதுவும் புரிகிறது. படுத்துத் தூங்கு, எடை குறையும் என்றால் காதில் பூ சுற்றுகிற மாதிரித்தானே இருக்கிறது? தவிர, விடிந்தால் வேலை, வேலை முடிந்தால் வீடு. நடுவில் ஓடுவதற்கு நேரத்தை எங்கே போய்ப் பிடுங்குவது? தூக்கத்திடம்தான் பிடுங்க முடியும். அது ஒன்றுதான் வாய் திறந்து கேட்காது.

அவரை உண்மையில் ஆட்டிவைத்தது வாசல் கேட். அந்த கேட்டில் லாரி வரும்போது கம்பைத் தூக்கி, போனதும் இறக்குகிற ஒரு பெரியவர் இருந்தார். முன்னால் அவரும் கிரேன் ஓட்டியவர்தான். கண் பார்வை மங்கியது என்று கீழே இறக்கினார்கள். இன்றைக்கு லாரி டிரைவர்கள் அவரைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறார்கள், "யோவ், தூக்குய்யா" என்கிறார்கள். அவருக்கும் மேலே இருந்தபோது ஏதோ பட்டப்பெயர் இருந்திருக்க வேண்டும். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. உச்சி தினமும் அந்தக் கம்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகும்போதெல்லாம் கம்பைப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.

"மாமா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதே இடத்தில் வேலை. வாக்கி-டாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதி சிக்னல் கொடுத்தவன் என்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர். பழைய விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. அந்த இடத்தில் விசில் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அதை ஒரு மெடல் மாதிரிப் போட்டுக்கொண்டு திரிவான்.

"கீழ நின்னு உங்களை நடத்துறவன் நான்தானே. ரோட்டுலயும் நானே நடத்துறேன். விடியறதுக்கு முன்னாடி வந்து எழுப்புறேன், ஓடலாம்."

"நீ எதுக்குடா தூக்கம் கெடுற?"

"எங்கக்கா வீட்டுல நிம்மதியா இருக்கணும்ல. நீங்க கேட்டுல போய் நின்னா அந்த மூஞ்சியைத் தினம் பார்க்கப்போறது அவதான்."

இந்த இருவரும் வேலை செய்கிற முறையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டடம் உயர உயர, சுவருக்குப் பின்னால் பொருள் இறங்குகிற இடம் உச்சியின் கண்ணுக்குத் தெரியாது. அப்போது அவருக்குக் கண் என்பது விசிலின் குரல்தான். லோடு இறங்கும்போது அவன் வாக்கியில் விடாமல், "இறக்கு... இறக்கு... இறக்கு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பான். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். அது எல்லா இடத்திலும் உள்ள விதி. கூடவே இன்னொரு விதியும் உண்டு. நிறுத்த வேண்டுமானால் கீழே இருப்பவன் "நிறுத்து" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் "நிறுத்திட்டேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இதை இவர்கள் இருவரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். மாமனும் மச்சானும் ஆயிற்றே. அவன் வாயை மூடுவான், இவர் கை நிற்கும். அவ்வளவு ஒட்டுதல். மற்ற கிரேன்காரர்கள் இதைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டமும் அதே மாதிரித்தான் நடந்தது. இருட்டில் தெரு விளக்குகளுக்கு அடியில் உச்சி தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பின்னால் விசில் சைக்கிளில் வருவான். "போ... போ... போ..." அதே தாளம், அதே குரல். நாய்கள்கூட முதல் வாரம் குரைத்துவிட்டு அப்புறம் பாவம் பார்த்து விட்டுவிட்டன.

முதல் மாதம் எடை குறைந்தது. உச்சிக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் மெஷின் முள்ளில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையுமாகக் கிடந்தும் அசையவில்லை. உடனே அவர் என்ன செய்தார்? இன்னும் கொஞ்சம் தூக்கத்தைப் பிடுங்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் கயிறு தாண்டினார். படுக்க நேரமானது. எழுகிற நேரமோ முன்னால் வந்தது.

தூக்கம் குறைந்ததும் பசி பேயாகப் பிடித்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் சமையலறையில் நின்றபடியே ஒரு முழு ரொட்டிப் பாக்கெட்டையும் தின்று தீர்த்தார். தின்று முடித்த பிறகுதான் தின்றதே தெரிந்தது. கவரைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, திருடன் மாதிரி நின்றார். அன்றைக்குத் தண்டனையாக இரண்டு மடங்கு கயிறு தாண்டினார்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு நாலு பேருக்குத் துணி தைக்கிறவள். அவருடைய பேன்ட்டைப் பிடித்துத் தரச் சொன்னபோது டேப்பை வைத்து அளந்துவிட்டு, மறுபடியும் அளந்தாள்.

"என்னங்க இது? இடுப்பு அப்படியே இருக்கு. தொடைதான் தொளதொளன்னு போயிருக்கு. தோளும் இறங்கிடுச்சு."

"குறைஞ்சிருக்குல்ல? அது போதும்."

"குறைய வேண்டியது குறையலைங்க. வேண்டாத இடத்துல குறைஞ்சிருக்கு. கண்ணைக் கண்ணாடியில பார்த்தீங்களா? கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு."

"இன்னும் ரெண்டு வாரம்தான். அப்புறம் தூங்கியே கழிக்கிறேன், விடு."

அவள் விடவில்லை. தம்பியையும் பிடித்துத் திட்டினாள். அவன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "முடியப் போவுதுக்கா" என்றான். அவனுக்கும் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் டாக்டரம்மாவும் கூப்பிட்டு அளந்தார். நூற்று நான்கு. உச்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருடைய மேற்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டினார்.

"தூங்குறீங்களா?"

"படுத்தா பொணம்தான்மா. காலையில எழுப்பித்தான் விடணும்."

"உண்மையைச் சொல்லுங்க. சாப்பாட்டைக் குறைச்சு, உடம்பை வருத்தி, தூக்கமும் இல்லேன்னா கொழுப்பு இருக்கிற இடத்துலயே இருந்துக்கும். சதையைத்தான் உடம்பு தின்னும். பசி அடங்காது. நாலு கிலோ குறைக்கிறதுக்குள்ள நீங்க ஏணி ஏறவே தெம்பு இல்லாமப் போயிடுவீங்க. அதைவிட முக்கியம், நீங்க உட்கார்ற இடம் என்ன இடம்னு உங்களுக்கே தெரியும்."

"நல்லாத் தூங்குறேம்மா. சத்தியமா."

சத்தியம் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததில் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஏனென்றால் அன்று காலைதான் ஒரு காரியம் நடந்திருந்தது. கேபினில் டீ குடிக்கலாம் என்று ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். அடுத்து அவருக்குத் தெரிந்தது, தொடையெல்லாம் சூடு. ஃப்ளாஸ்க் மடியில் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. திறந்ததற்கும் கவிழ்ந்ததற்கும் இடையில் ஒரு துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. கொக்கியில் அப்போது ஒன்றும் தொங்கவில்லை. அதனால் என்ன, ஒன்றும் ஆகவில்லையே என்று கன்னத்தில் நாலு அறை அறைந்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இறங்கினால் கேட் இருக்கிறதே.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்பிக் கட்டு ஒன்றை லிஃப்ட் குழிப் பக்கம் இறக்க வேண்டியிருந்தது. சுவருக்குப் பின்னால். இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே என்று திரை காட்டியது. உச்சி அதை மெதுவாகத் திருப்பிக் கொண்டுபோனார். கொக்கி சுவருக்குப் பின்னால் மறைந்தது. இனிக் குரல்தான்.

"வந்துடுச்சு மாமா. அப்படியே... இறக்கு... இறக்கு... இறக்கு..."

கண்ணாடி வழியாக வெயில் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வயிற்றில் ஒரு முட்டையும் அரை வெள்ளரிக்காயும். கைப்பிடியை முன்னால் தள்ளியிருக்கும்வரை லோடு இறங்கும், கையை எடுத்தால் கைப்பிடி தானாக நடுவுக்கு வந்து எல்லாம் நின்றுவிடும். உச்சி தள்ளியிருந்தார். இறக்கு, இறக்கு என்றது குரல். போ, போ என்றது குரல். தெரு விளக்கு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டது. நாய் ஒன்று படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. கால் வலிக்கவே இல்லை. போ... போ... இறக்கு... இறக்கு...

கரகரவென்று காதில் ஒரு சத்தம். உச்சி விழித்தார்.

தலை நெஞ்சில் தொங்கியிருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. அந்தப் பாரம் முழுவதும் கையில் இறங்கி, கைப்பிடியை முன்னால் அழுத்திக்கொண்டே இருந்தது. கையைப் பிடுங்கினார். கைப்பிடி நடுவுக்கு வந்தது. காதில் குரல் இல்லை. எப்போது நின்றது? இப்போதா? அதற்கு முன்னாலா? அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததே.

திரையைப் பார்த்தார். எடை பூஜ்யம்.

மூன்று மாதமாக ஒரு எண் குறையாதா, குறையாதா என்று ஏங்கியவர். இந்த எண் குறைந்ததைப் பார்த்ததும், திரைதான் பழுதோ என்று விரலால் தட்டிப் பார்த்தார். பூஜ்யம் என்றால் லோடு தொங்கவில்லை, எதன் மேலோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எதன் மேல் என்று திரை சொல்லாது.

"மாப்ள."

பதில் இல்லை.

"மாப்ள, லோடு எங்க? கேக்குதா? டேய்."

வாக்கியில் வெறும் காற்று மாதிரி ஒரு இரைச்சல்கூட வரவில்லை. செத்துப்போன மாதிரி இருந்தது. அந்த வார்த்தை மனதில் வந்ததும் உச்சி அதை அவசரமாகத் துரத்தினார்.

தூக்கலாமா? அடியில் அவன் இருந்தால் தூக்கினால்தான் பிழைப்பான். ஆனால் ஒரு பக்கச் சங்கிலி தளர்ந்திருந்தால், தூக்கியதும் கட்டு ஒரு பக்கமாகச் சரிந்து, பக்கத்தில் அவனை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் மேலும் விழும். கண்ணுக்குத் தெரியாத லோடைக் குரல் இல்லாமல் அசைக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவர் மீறாத விதி அது ஒன்றுதான். கை கைப்பிடிக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. கடைசியில் இரண்டு கையையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தார்.

ஏணியில் முதல் கம்பியில் கால் வைத்தபோதுதான் மனைவி சொன்ன தொடை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தது. கால்கள் பாரம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கீழே பார்க்கப் பயந்தார். உயரத்துக்காக இல்லை. கீழே எதைப் பார்த்துவிடுவோமோ என்றுதான். ஒவ்வொரு கம்பியாகக் கட்டிப்பிடித்து இறங்கினார். மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒரு எண்ணம் வந்தது. அவளுக்கு அவன் ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவள் கையில் சோறு தின்று வளர்ந்தவன். தையல் மெஷின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள், வாசலில் இவர் போய் நிற்பார், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

பாதி தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. ஒன்று, நீளமாக.

உச்சியின் உயிர் திரும்பி வந்தது. விசில் அவனிடம் மட்டும்தானே இருக்கிறது. அடுத்த கம்பியில் அந்த உயிர் மறுபடியும் போய்விட்டது. கழுத்தில் தொங்குகிற விசிலை எடுத்து யார் வேண்டுமானாலும் ஊதலாம். ஆட்களைக் கூட்டுவதற்கு நீளமாகத்தான் ஊதுவார்கள். இன்னொருமுறை ஊத மாட்டார்களா, ஊதுகிற விதத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினார். ஊதவில்லை.

தரையில் கால் வைத்ததும் ஓடினார். மூன்று மாதம் ஓடிப் பழகியவர். அன்றைக்கு இரண்டு முறை விழுந்து எழுந்தார்.

சுவரைச் சுற்றிப் போனபோது கூட்டம் நின்றிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். கம்பிக் கட்டு தரையில் ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு மரக்கட்டை மேல் சாய்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு ஷூவின் குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் வாக்கி-டாக்கி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

ஷூவுக்குள் கால் இல்லை. கால், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த விசிலிடம்தான் இருந்தது. சாக்ஸ் முழுக்க ரத்தம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாயில் விசில்.

உச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவனுடைய தோளைத் தொட்டார், தலையைத் தொட்டார், ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டினார். அவன் வாயிலிருந்த விசிலை எடுத்தான்.

"விரல்தான் மாமா. ஷூவுல இரும்பு இருந்துச்சு. காலை உருவிட்டேன்."

நடந்தது இதுதான். அடியில் வைத்த மரக்கட்டை கோணலாக இருந்தது. லோடு இடுப்பு உயரத்தில் வந்தபோது விசில் அதைப் பார்த்தான். தூக்கக் கலக்கத்தில் அவனுக்கும் புத்தி வேலை செய்யவில்லை. வாயை மூடினான். வாயை மூடினால் மாமா கை நின்றுவிடும். குனிந்து உள்ளே போய்க் கட்டையைத் திருப்பினான். முதுகில் ஏதோ மெல்ல வந்து தொட்டபோதுதான் மாமா கை நிற்கவில்லை என்று தெரிந்தது. வெளியே பாய்ந்தான், ஒரு கால் மட்டும் மாட்டிக்கொண்டது.

சேஃப்டி ஆபீசர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் விசில் முந்திக்கொண்டான்.

"என் தப்புதான் சார். வாக்கி கை நழுவி விழுந்துடுச்சு. எடுக்கக் குனிஞ்சேன்."

"லோடுக்கு அடியிலயா குனிஞ்ச? எத்தனை தடவை சொல்லியிருக்கு?" என்றவர் உச்சியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் குரல் கேட்டுச்சா, நின்னுச்சா?"

உச்சியின் கண்ணுக்கு முன்னால் வாசல் கேட் வந்து நின்றது. கம்பு மேலே போனது, கீழே வந்தது.

"கேட்டுச்சு சார்" என்றார். "கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் விசில் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் வாயை மூடியது அவனுக்குத் தெரியும். தான் சொன்ன பொய் மாமாவைக் காப்பாற்றத்தான். மாமா சொன்ன உண்மையோ, அவன் வாயால் இறக்கு இறக்கு என்று சொல்லிக்கொண்டே லோடுக்கு அடியில் போய் நின்றான் என்று ஆக்கிவிட்டது. கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஏணியில் இறங்கும்போது பட்ட பயம் ஒரு பயமா? தன்னைப் பற்றியே ஒரு மனிதனுக்கு வருகிற பயம் இருக்கிறதே, அது அப்போதுதான் உச்சிக்கு வந்தது.

"சார்" என்றார். "தூக்கத்துல கேட்டுச்சு."

"என்ன?"

"நான் தூங்கிட்டேன் சார். அவன் வாயை மூடிட்டான். எனக்குத் தூக்கத்துல அவன் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் இறக்கிட்டே இருந்தேன். மூணு மாசமா நான் தூங்கலை. டாக்டரம்மாகிட்டயும் பொய் சொன்னேன்."

மற்ற கிரேன்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கு மேல் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உச்சியைக் கீழே இறக்கினார்கள். மறுபடியும் ஏற்றுவார்களா என்பதை விசாரணைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். விசிலுக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்து கட்டுப் போட்டார்கள். மனைவி இருவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். திட்ட ஆரம்பித்ததில்தான் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. டாக்டரம்மா எடை மெஷினைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "முதல்ல தூங்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அதுதான் முடியவில்லை. இப்போது நேரம் கொள்ளாமல் கிடக்கிறது, படுக்கை இருக்கிறது, ஓடச் சொல்ல யாரும் இல்லை. கண் சொருகும். சொருகியதும், இறக்கு, இறக்கு என்று குரல் கேட்கும். உச்சி அலறி எழுந்து உட்கார்ந்துகொண்டு கையை அக்குளுக்குள் திணித்துக்கொள்வார். தூங்கினால் கை யார் மேலாவது எதையாவது இறக்கிவிடும் என்று பயம். பகலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் ஒரே தாளத்தில் வந்தால்கூட, "கொஞ்சம் நிறுத்து" என்பார்.

ஒரு மத்தியானம் விசில் காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்தான். அக்கா கண் ஜாடை காட்டினாள். அவன் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன மாமா, தூங்கலையா?"

"படுத்தா உன் குரல் கேக்குதுடா. நிக்கவே மாட்டேங்குது."

விசில் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். அன்றைக்கு அந்த லோடு இறங்கியபோது சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். லோடு இறங்கிடுச்சு என்று எல்லா லோடுக்கும் கடைசியில் சொல்வதுதான். இந்த ஒன்றுக்கு மட்டும் வாக்கி நசுங்கிப் போயிருந்தது.

"படுங்க" என்றான். "கண்ணை மூடுங்க. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்."

உச்சி படுத்தார். கையை அக்குளிலிருந்து எடுக்கவில்லை. விசில் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்து, விரல்களைப் பிரித்து, மெத்தை மேல் வைத்தான்.

"நிறுத்து" என்றான், வாக்கியில் பேசுகிற அதே குரலில்.

உச்சியின் உதடு அசைந்தது. எத்தனையோ வருஷமாகச் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

"நிறுத்திட்டேன்."

"லோடு இறங்கிடுச்சு மாமா. கொக்கியைக் கழட்டியாச்சு. கீழ யாரும் இல்ல."

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. விசில் எழுந்து போகவில்லை. பக்கத்து அறையில் அக்கா துணியை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.